செவலைப் பசுவும் டிக்கெட் எடுக்காத பயணியும்

நான் இந்தியாவுக்குப் போகிறேன் என்றதும் ஈப்போவில் என் அக்கா பட்டுச்சேலை கேட்டாள். அண்ணி கல் வைத்த தோடு கேட்டாள். மாட்டுப்பாலில் இருக்கும் கிருமியைப் பார்க்கத்தான் போகிறேன் என்று விளக்கியபோது இருவரும் முகத்தைச் சுளித்தார்கள். "ஏன், இங்க மாடே இல்லயா?" என்றாள் அண்ணி. நியாயமான கேள்விதான். கலா கூப்பிட்டாள், கிளம்பிவிட்டேன், அவ்வளவுதான்.

கலாவும் நானும் பினாங்கில் ஒரே அறையில் தங்கி ஆராய்ச்சி செய்தவர்கள். நான் ஈப்போவில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, புதிதாக வருகிறவர்களுக்குப் பாடமும் எடுக்கிறேன். அவள் ஊர் திரும்பி, புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் சொல்லிக்கொடுக்கிறாள். எங்கள் இருவருக்கும் சோறு போடுவது ஃபேஜ் என்கிற வைரஸ். அது மனிதர்களைத் தொடாது, பாக்டீரியாவை மட்டும்தான் பிடிக்கும். பிடித்தால் பெரும்பாலும் அதை வெடிக்க வைத்துவிட்டு, குஞ்சு குருமான்களோடு வெளியே வரும். சில ஃபேஜ்கள் மட்டும் சாமர்த்தியக்காரர்கள். உள்ளே நுழைந்து, பாக்டீரியாவின் மரபணுக்களுக்கு நடுவே தங்களையும் செருகிக்கொண்டு, வாடகை கொடுக்காமல் குடியிருப்பார்கள். வரும்போது வெறுங்கையோடு வர மாட்டார்கள். நஞ்சு செய்யும் மரபணுவைச் சீர்வரிசைபோலக் கையோடு கொண்டுவருவார்கள். நேற்றுவரை சாதுவாக இருந்த பாக்டீரியா இன்று நஞ்சு கக்கும். இதை எத்தனையோ முறை பலகையில் படம் போட்டு விளக்கியிருக்கிறேன். ஒரு பசுமாட்டின் தலையெழுத்து இதை நம்பி இருக்கும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்தில் என் பெட்டியை வாங்கிக்கொண்ட கலா, வீட்டுக்குப் போகாமல் நேரே பரோட்டாக் கடைக்குக் கூட்டிப்போனாள். எங்கள் ஊர்ப் பரோட்டாவான ரொட்டி சானாய்க்குக் குழம்பைக் கிண்ணத்தில் தருவார்கள், தொட்டுக்கொள்ளலாம். இங்கே இலையில் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, அது மூழ்கும்வரை சால்னாவை ஊற்றுகிறார்கள். போதும் என்று சொல்ல நான் வாய் திறப்பதற்குள் இரண்டாவது கரண்டியும் விழுந்துவிட்டது. சாப்பிட்டு முடித்தபோது, நல்லவேளை வாயைத் திறக்கவில்லை என்று தோன்றியது. பரிமாறியவர் என் தமிழைக் கேட்டுவிட்டு, "அக்காவுக்கு எந்த ஊரு? டிவியில நியூஸ் வாசிக்கிற மாதிரியே பேசுறீங்களே" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஈப்போவில் என் தமிழைச் சந்தைக்கடைத் தமிழ் என்பார்கள்.

நான் வந்தது கலாவின் மாணவிகளுக்கு மாட்டுப்பால் கிருமியில் ஃபேஜ் பிடிக்கக் கற்றுக்கொடுக்க. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, நன்றாகத் தூங்கலாம் என்றிருந்தேன். கலா விடியும்போதே எழுப்பி, இட்லியை முன்னால் வைத்து, விஷயத்தை எடுத்தாள். அவளுடைய பெரியம்மா மகள் சுமதி வல்லத்திராக்கோட்டையில் நான்கு மாடு வைத்திருக்கிறாள். கணவர் சவூதியில் இருக்கிறார். சுமதி வீட்டிலேயே பால்கோவா கிண்டி டவுன் கடைகளுக்கு அனுப்புகிறாள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த வியாபாரம். போன மாதம் ஒரு காதுகுத்து வீட்டில் அவளுடைய பால்கோவாவைச் சாப்பிட்டவர்கள் வரிசையாக வாந்தி எடுத்தார்கள். மறுநாளே எல்லாரும் தேறிவிட்டார்கள். ஆனால் பேர் கெட்டுவிட்டது. அந்தக் காதுகுத்தும் வேறு யார் வீட்டிலோ நடக்கவில்லை, சுமதியுடைய மாமனாரின் கூடப்பிறந்த தங்கை வீட்டில்.

"அக்காவோட மாமனாருக்கு வெளிய தலைகாட்ட முடியல" என்றாள் கலா. "புதுசா வாங்குன செவலைதான் எல்லாத்துக்கும் காரணம், அதச் சந்தைக்கு ஓட்டிருவோம்னு நிக்கிறாரு. டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டு ஓட்டுங்கன்னு அக்கா கெஞ்சிக் கூத்தாடி, வர்ற வெள்ளிக்கிழமை வரைக்கும் தவணை வாங்கிருக்கு. பாதிப் பாலு அந்த மாடுதான் குடுக்குது. அது போச்சுன்னா அக்காவுக்குப் பால்கோவாவும் இல்ல, ஒண்ணும் இல்ல."

டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம். பஸ்ஸில் ஆட்களைவிடச் சாமான்கள் அதிகம். டிரைவருக்குப் பக்கத்தில் தூக்குவாளிகள், கேரியர்கள், ஒரு கட்டு வாழையிலை, மருந்துக்கடைப் பை ஒன்று. எதற்கும் சொந்தக்காரர் பஸ்ஸில் இல்லை. இந்தப் பக்கம் இப்படித்தானாம். ஊரில் ஏற்றிவிட்டு, "ஸ்டாண்டுல ஆளு வந்து வாங்கிக்கும்ணே" என்று சொன்னால் போதும். எந்த வாளி யாருக்கு என்பது கண்டக்டருக்குத் தெரியும். எங்கள் நாட்டில் ஒரு பொட்டலம் அனுப்ப முகவரி, தொலைபேசி எண், கையெழுத்து எல்லாம் வேண்டும். அப்படியும் பக்கத்து வீட்டில் போட்டுவிட்டுப் போவார்கள்.

சுமதி மாட்டுக் கொட்டகையிலிருந்து ஓடிவந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "வாங்க வாங்க, மலேசியாக்காரவுக! ஒல்லியா இருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றாள். முதல் சந்திப்பிலேயே இவ்வளவு உண்மை பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்கும். கொட்டகையில் செவலை நின்றது. செம்மண் நிறம், நெற்றியில் வெள்ளைப் பொட்டு, பெரிய மடி. மடியின் ஒரு பக்கம் லேசாக வீங்கியிருந்தது. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு வைக்கோலுக்குத் திரும்பியது.

மாமனார் கருப்பையா துவைத்த வேட்டியோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இடுப்பில் மூக்குப்பொடி டப்பா. "இந்த மாடு வந்த நேரம் சரியில்லாத்தா" என்று எங்களிடம் ஆரம்பித்தார். "ராசி கெட்ட மாடு. யாரையும் மடியத் தொட விடாது. மருமகள எத்து எத்துன்னு எத்தும். எங்கைக்கு மட்டுந்தான் நின்னு குடுக்கும்." குற்றச்சாட்டாகத் தொடங்கியது, முடியும்போது பெருமையாக இருந்தது. அவர் ஒரு சிட்டிகை எடுத்து உறிஞ்சினார். நான் இரண்டு முறை தும்மினேன்.

சுமதி வீட்டுக்கென்று கொஞ்சம் பால்கோவா கிண்டினாள். இருப்புச் சட்டியில் பால் சுண்டச் சுண்ட அவள் கை நிற்கவே இல்லை. சட்டியை இறக்கி ஆறவைத்ததும் பொறுப்பு மாமனாருடையது. பட்டர் பேப்பரில் கையால் எடுத்து வைத்து மடித்துக் கட்டுவது அவர் வேலை. "தராசே வேணாம், எங்கையே தராசு" என்று ஒரு பொட்டலத்தைத் தூக்கிக் காட்டினார். கலா என்னைப் பார்த்தாள். நான் கலாவைப் பார்க்கவில்லை, சட்டியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டித் தின்றுகொண்டிருந்தேன். வாந்தியைப் பற்றி விசாரிக்க வந்த இடத்தில் இப்படிச் செய்யக்கூடாதுதான். ஆனால் ருசி விடவில்லை.

காதுகுத்தில் மீந்த பொட்டலம் ஒன்றைச் சுமதி எறியாமல் ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் உறைய வைத்திருந்தாள். அதை வாங்கிக்கொண்டோம். பிறகு வீட்டு ஆட்களின் மூக்கிலும் பஞ்சுக்குச்சி விட்டு எடுக்க வேண்டும் என்றாள் கலா. வாந்தி வரவைக்கும் அந்தப் பாக்டீரியா, ஸ்டாஃப் என்று சுருக்கமாகச் சொல்வோம், மாட்டு மடியிலும் இருக்கும், மனிதர் மூக்கிலும் சும்மா குடியிருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க இரண்டும் தேவை.

கருப்பையாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "மாட்டுக்கு நோவுன்னா எம் மூக்க ஏன் குடையணும்?" என்றார். வெளிநாட்டுக்காரி முதலில் எடுத்துக்கொள்ளட்டும் என்று நிபந்தனை போட்டார். நான் என் மூக்கில் விட்டுக்கொண்டேன். சுமதி சிரிப்பை அடக்கிக்கொண்டு கொடுத்தாள். கடைசியில் அவரும் கண்ணை இறுக மூடிக்கொண்டு முகத்தை நீட்டினார். வெளியே வந்த பஞ்சு காப்பித்தூள் நிறத்தில் இருந்தது.

பால் அன்று காலையிலேயே கறந்தாகிவிட்டது. சோதனைக்குக் காம்பைத் துடைத்துவிட்டு முதல் கறவையில் பிடிக்க வேண்டும். மாட்டுக்கு ஒன்றாக நான்கு சுத்தமான கண்ணாடிப் பாட்டில்களைச் சுமதியிடம் கொடுத்தோம். "நாளைக்கு மொத பஸ்ஸுல குடுத்து விட்டுர்றேன், ஸ்டாண்டுல வாங்கிக்கங்க" என்றாள். எனக்கு அந்த ஏற்பாடு மிகவும் பிடித்திருந்தது.

திங்கட்கிழமை காலை பேருந்து நிலையத்தில் காத்திருந்தோம். பஸ் கொஞ்சம் முன்னதாகவே வந்து ஓரமாக நின்றது எங்களுக்குத் தெரியாது. டீக்கடையில் உட்கார்ந்தோம். மாஸ்டர் இரண்டு குவளைகளை எட்ட எட்டப் பிடித்து ஆற்றினார். எங்கள் ஊரில் இழுத்து ஆற்றும் தே தாரேக் டீக்குக்கூட இவ்வளவு நுரை வராது. கலாவிடம் அப்படியே சொன்னேன். "பாலு நல்லா இருக்கு இன்னிக்கு" என்று அவளும் ஒப்புக்கொண்டாள். இன்னொன்று வாங்கிக் குடித்தேன். பிறகும் பஸ் வராததால் கலா போய் விசாரித்தாள். திரும்பிப் போகக் கிளம்பிக்கொண்டிருந்த பஸ்ஸின் படியில் அதே கண்டக்டர் நின்றார்.

"சுமதியக்கா வாளிதானே? எறங்குன ஒடனே டீக்கடையில குடுத்துட்டேனே" என்றார். "தெனமும் அவுக பாலு அங்கிட்டுத்தானே போகும்."

நாங்கள் மெதுவாகத் திரும்பி மாஸ்டரைப் பார்த்தோம்.

"ஆமாங்க, வாளிக்குள்ள குட்டிக் குட்டி பாட்டில்ல வந்துச்சு" என்றார் அவர். "இப்பல்லாம் இப்படித்தான் அழகா அனுப்புறாங்கபோலன்னு நெனச்சேன். நாலையும் ஊத்திக் காச்சிட்டேன். நீங்க குடிச்சது அதுதான்."

கலா பெஞ்சில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொதிக்க வைத்தால் பாக்டீரியா சாகும், அது ஏற்கெனவே கக்கிவைத்த நஞ்சு சாகாது என்பதைப் பத்து வருஷமாகச் சொல்லிக்கொடுப்பவள் நான். மதியம் வரை வகுப்பில் ஒரு கையால் பாடம் நடத்திக்கொண்டு இன்னொரு கையை வயிற்றின் மேலேயே வைத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை, நன்றாகப் பசித்தது. கறந்த சூட்டோடு வந்து உடனே கொதித்த பால், நஞ்சு செய்யப் பாக்டீரியாவுக்கு நேரமே இல்லை. மத்தியானம் கோலா உருண்டை மட்டும் ஏழு சாப்பிட்டேன்.

மறுநாள் வந்த பாட்டில்களில் கலாவின் யோசனைப்படி 'டீ போடக்கூடாது' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. கண்டக்டர் அதைப் பயபக்தியோடு இரண்டு கைகளாலும் கொடுத்தார்.

பாலைத் தட்டுகளில் இழுத்துவிட்டால் பாக்டீரியா வளரும்வரை நமக்கு வேலை இல்லை. அதனால் புதன்கிழமை காலை சித்தன்னவாசல் போனோம். பாறையில் ஏறும்போது என் செருப்பு உருகிவிடும் என்று பயந்தேன். ஈப்போவிலும் குகைக் கோயில்கள் உண்டு, உள்ளே போனால் தண்ணீர் சொட்டும், சில்லென்று இருக்கும். இங்கே குன்றின் மேல் சமணத் துறவிகளுக்குப் பாறையிலேயே படுக்கை செதுக்கியிருக்கிறார்கள். எங்களுக்கு முன்னால் போன வெள்ளைக்காரர் தன் மனைவியிடம், "எனக்கு ஹோட்டல் மெத்தையே கடினமாக இருக்கிறது என்று இனிமேல் சொல்ல மாட்டேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். கீழே குகைக் கோயிலின் கூரையில் தாமரைக்குளம் வரைந்திருக்கிறார்கள். குளத்தில் மீன், வாத்து, யானை, பூப்பறிக்கும் ஆள். யாரும் அவசரப்படவில்லை. அங்கே நின்ற நேரத்தில் நானும் அவசரப்படவில்லை. "முப்பத்தேழு டிகிரியில வளக்கணும்னு இன்குபேட்டர் வாங்குனோம், தட்ட இங்கயே கொண்டாந்து வெச்சிருக்கலாம்" என்றாள் கலா, முகத்தைத் துடைத்துக்கொண்டே.

அன்று சாயங்காலம் நான்கு மாடுகளின் பாக்டீரியாவிலும் நஞ்சு மரபணுவைத் தேடினோம். மூன்றில் இல்லை. செவலையுடையதில் இருந்தது. மரபணு இருந்தால் ஜெல்லில் கோடு விழும், பளிச்சென்று ஒரு கோடு.

சுமதி இரண்டு முறை போன் செய்துவிட்டாள். மறைக்க முடியாமல் கலா உள்ளதைச் சொன்னாள். "சரி கலா" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுமதி போனை வைத்தாள். கொஞ்ச நேரத்தில் மாமனார் வெள்ளிக்கிழமைக்குக் குட்டியானை சரக்கு வண்டி பேசிவிட்டதாகச் செய்தி வந்தது. கலாவின் அம்மா அன்று எனக்காகவே அயிரைமீன் குழம்பு வைத்திருந்தார். என்னால் சாப்பிட முடியவில்லை. முன்பின் தெரியாத ஒரு மாட்டுக்காக அழுகை வந்தது.

வியாழக்கிழமை கல்லூரிப் பரிசோதனைக் கூடத்தில் வேறு எதற்கோ ஃப்ரிட்ஜைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். முந்தைய நாள் வேலை முடிந்து தட்டுகளை அதில் அடுக்கியிருந்தோம். ரத்தம் கலந்த சிவப்புத் தட்டுகள். மாட்டு ஸ்டாஃப் அதில் வளர்ந்தால் தன்னைச் சுற்றி ரத்தத்தைக் கரைத்து ஒரு வளையம் போடும். இன்குபேட்டர் சூட்டில் அது மங்கலாகத்தான் தெரியும், குளிரில் வைத்தால்தான் தெளியும். மற்ற மூன்று மாடுகளின் தட்டிலும் மஞ்சள் புள்ளிகள், ஒவ்வொன்றைச் சுற்றியும் அழகான வளையம். செவலையின் தட்டிலும் அதே மஞ்சள் புள்ளிகள், அதே வளையம். ஆனால் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில புள்ளிகளுக்கு மட்டும் வளையம் இல்லை.

"கலா, இங்க வா!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பு எட்டிப்பார்த்தது.

ஸ்டாஃபைப் பிடிக்கும் ஒரு வகை ஃபேஜ் உண்டு. வாந்தி நஞ்சின் மரபணுவைத் தூக்கிக்கொண்டு திரிவது அதுதான். பாக்டீரியாவுக்குள் நுழைந்தால் அது கண்ட இடத்தில் உட்காராது. வளையம் போடும் மரபணுவின் நடுவில்தான் போய் உட்காரும். உட்கார்ந்ததும் வளையம் நின்றுபோகும், நஞ்சு தொடங்கும். ஆக, செவலையின் பாக்டீரியா பிறவியிலேயே கெட்டது அல்ல. சமீபத்தில் யாரோ உள்ளே ஏறியிருக்கிறார்கள். அதுவும் சிலவற்றில் மட்டும்.

மூக்குத் தட்டுகளைத் தேடி எடுத்தோம். சுமதியின் தட்டில் ஸ்டாஃபே இல்லை. கருப்பையாவின் தட்டு நிறைய வெள்ளைப் புள்ளிகள், ஒன்றுக்கும் வளையம் இல்லை. காதுகுத்துப் பால்கோவாவின் தட்டிலும் அதே வெள்ளைப் புள்ளிகள். மஞ்சள் ஒன்றுகூட இல்லை. இரண்டிலும் நஞ்சு மரபணு இருந்தது. மரபணுக் கோடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம், மூக்கில் இருந்ததும் பால்கோவாவில் இருந்ததும் ஒரே ஆள்.

"பொடி" என்றேன் நான்.

"பொட்டலம்" என்றாள் கலா.

மூக்கில் போன விரலே ஆறிய பால்கோவாவை எடுத்து வைத்திருக்கிறது. அது வெயிலில் காதுகுத்துப் பந்தலில் நாள் முழுதும் இருந்திருக்கிறது. அதே கைதான் செவலையிடம் பால் கறக்கிறது. அந்த வெள்ளைப் பாக்டீரியாவுக்குள் குடியிருந்த ஃபேஜ், மடியில் இருந்த மஞ்சள் பாக்டீரியாவுக்குத் தாவியிருக்க வேண்டும். மாடு வீட்டுக்கு நஞ்சு கொண்டுவரவில்லை, வீடுதான் மாட்டுக்குக் கொடுத்திருக்கிறது.

'தாவியிருக்க வேண்டும்' என்று சொன்னால் போதாது. கலா போனில் சுமதியிடம் விஷயத்தைத் தொட்டும் தொடாமலும் சொல்லி, வண்டியை நிறுத்தச் சொன்னாள். மாமனாரின் குரல் பின்னாலிருந்து கேட்டது. "நேத்து போன்ல மாடுதான்னாக, இன்னிக்கு போன்ல இல்லங்கிறாக. நேருல வந்து என் கண்ணுல காட்டச் சொல்லு." கேட்டது நியாயம்தான்.

மூக்குப் பாக்டீரியாவுக்கு லேசாகப் புற ஊதா ஒளி காட்டினோம். அப்படி ஓர் அதிர்ச்சி கொடுத்தால் உள்ளே தூங்கும் ஃபேஜ் விழித்து வெளியே வரும். பாக்டீரியா நுழைய முடியாத நுண்ணிய துளைகள் கொண்ட வடிகட்டியில் வடித்தோம். தெளிந்த நீர் வந்தது, வைரஸ் மட்டும் இருக்கும் நீர். அதைச் செவலையின் வளையம் போடும் பாக்டீரியாவோடு கலந்து, சிவப்புத் தட்டில் பரப்பி, வளர வைத்துவிட்டு வந்தோம். அன்று எனக்கு மீதமிருந்த அயிரைமீன் குழம்பு கிடைத்தது. சும்மா சொல்லக்கூடாது, மறுநாள்தான் அது ருசி.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் தட்டை எடுத்தோம். சூட்டில் வளையம் சரியாகத் தெரியவில்லை. குளிரவைக்க நேரமும் இல்லை. மூடியைச் சுற்றி ஒட்டி, பைக்குள் பை வைத்து, ஐஸ் பெட்டியில் இறக்கி, பஸ் பிடித்தோம். என் ஈப்போ மேலாளர் இதைப் பார்த்திருந்தால் என் வேலை போயிருக்கும். கண்டக்டர் பெட்டியைப் பார்த்துவிட்டு, "இத எந்தக் கடையில குடுக்கணும்?" என்றார். கலா பெட்டியை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

பாதி வழியில் பஸ் நின்றது. சந்தைக்குப் போகும் ஆட்டு மந்தை சாலை முழுவதையும் அடைத்துக்கொண்டு வந்தது. டிரைவர் ஹாரனில் கை வைத்தபடியே இருந்தார், ஆடுகள் அதைப் பாட்டாக எடுத்துக்கொண்டன. எங்கள் ஊர் நெடுஞ்சாலையில் இப்படி ஒரு நிமிஷம் நின்றால் நான் எரிந்து விழுவேன். அன்று எரிந்துகூட விழாமல், எத்தனை ஆடு மிச்சம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். கடைசி ஆடு கடந்ததும் பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து கைதட்டினார்கள். எங்கள் கதை அதற்குள் முன்சீட்டிலிருந்து பின்சீட்டுவரை போய்விட்டிருந்தது.

வீட்டு வாசலில் குட்டியானை நின்றது. செவலையைப் பலகை வைத்து ஏற்றிவிட்டார்கள். சுமதி தலைக்கயிற்றை விடாமல் பிடித்துக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் நின்றாள். அழவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். கருப்பையா டிரைவரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

கலா ஐஸ் பெட்டியைத் திறந்து, தட்டை வெயிலுக்கு நேராகத் தூக்கினாள். வழிநெடுகக் குளிர்ந்ததில் வளையங்கள் தெளிந்திருந்தன, நிலாவைச் சுற்றிக் கோட்டை கட்டியதுபோல. அவற்றுக்கு நடுவே, அங்கங்கே, மொட்டையாக நின்ற மஞ்சள் புள்ளிகள். ஒரே ராத்திரியில் ஃபேஜ் ஏறிவிட்டது. அந்தப் புள்ளிகளில் நஞ்சு மரபணுவைப் பிறகு தேடிப் பார்த்தோம், இருந்தது. ஆனால் அந்த நிமிஷத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

பெரியவரிடம் எப்படிச் சொல்வது? டிரைவர் நிற்கிறார், வேலிக்கு அந்தப் பக்கம் அக்கம்பக்கம் நிற்கிறது. கலா தட்டை என் கையில் கொடுத்துவிட்டாள். நானே ஆரம்பித்தேன்.

"அய்யா, சுமதியின் வாளி பஸ்ஸில் போகிறதல்லவா? பஸ் ஆளை ஏற்றத்தான் ஓடுகிறது. ஆனால் யாருடைய சாமானையோ தூக்கிக்கொண்டு போய் எங்கோ இறக்கிவிடுகிறது. கிருமிக்குள்ளும் அப்படி ஒரு பஸ் ஓடுகிறது. அது ஒரு கிருமியிலிருந்து நஞ்சை ஏற்றிக்கொண்டு வந்து, இந்த மாட்டின் கிருமியில் இறக்கிவிட்டது. மாட்டிடம் முதலில் நஞ்சு இல்லை. இந்தப் புள்ளிகளைப் பாருங்கள், வளையம் போனவை எல்லாம் நஞ்சு ஏறியவை. நேற்று நாங்களே ஏற்றிப் பார்த்தோம்."

அவர் தட்டை வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, வெகுநேரம் பார்த்தார். "சரி, எறங்குன எடம் மாடு" என்றார். "ஏறுன எடம் எது?"

கலா செவலையைப் பார்த்தாள். சுமதி தரையைப் பார்த்தாள். நான் என்னை அறியாமல் அவர் இடுப்பில் இருந்த டப்பாவைப் பார்த்துவிட்டேன். அவர் கை மெதுவாக மேலே போய் மூக்கைத் தொட்டது.

"இதா?"

"உங்களுக்கு அது ஒன்றும் செய்யாது அய்யா. நிறையப் பேர் மூக்கில் இருக்கிறதுதான்" என்றேன் அவசரமாக.

"காதுகுத்துக்குப் போன பொட்டலத்துல?"

"அதிலும் இதுதான்."

முதலில் சிரித்தது டிரைவர்தான். சிரித்துவிட்டுப் பயந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டார். கருப்பையா அவரைத் திரும்பிப் பார்த்தார். இந்த மனிதர் இப்போது கோபப்பட்டால் மாடு போகும், கூடவே கலாவுக்கும் இந்த வீட்டுக்கும் உள்ள உறவும் போகும்.

"மாட்ட எறக்குடா" என்றார்.

பலகையை வைத்து செவலையை இறக்கினார்கள். அது இறங்கி முடித்ததும் அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அந்தப் பலகை மேலேயே நடந்து வண்டியில் ஏறி, மாடு நின்ற இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"வெறும் வண்டியாப் போவ வேணாம். ராசி கெட்டது எதுவோ அத ஏத்திக்கிட்டுப் போ" என்றார் டிரைவரிடம். "சந்தையில எவனாச்சும் கேட்டா வந்த வெலைக்குத் தள்ளிவிட்டுரு."

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. அவரும் தோள் குலுங்கச் சிரித்தார். சுமதி சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கயிறு இன்னும் அவள் கையிலேயே இருந்தது.

"எறங்குங்க மாமா" என்றாள். "மடி வீக்கத்தப் பாத்த மாட்டு டாக்டரு பாலு தேங்கக்கூடாதுன்னுருக்காரு. இது ஒங்க கைக்குத்தானே நிக்கும்."

அவர் எழுந்து பலகையில் கால் வைத்தார்.

"சோப்புப் போட்டுக் கைய கழுவிட்டு வாங்க" என்றாள் சுமதி. "முழங்கை வரைக்கும்."

கருப்பையா டப்பாவை இடுப்பிலிருந்து எடுத்து அவளிடம் நீட்டிவிட்டு, குழாயடிக்குப் போனார். அந்த வீட்டில் மருமகள் சொல்லி மாமனார் ஒரு காரியம் செய்வது அதுதான் முதல் தடவை என்று திரும்பி வரும்போது பஸ்ஸில் கலா சொன்னாள்.